ஒன்றே முக்கால் கிலோ பை, ஏழு கிலோ கட்டணம்

மும்பை தாராவியின் 90 அடி சாலையில் தைத்த தோல் பயணப்பை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தராசில் வைத்தால் ஒன்றே முக்கால் கிலோ. உருக்குலையாமல் இருக்க உள்ளே காகிதத்தைத் திணித்து, அட்டைப்பெட்டியில் வைத்து, டேப் ஒட்டித் திருநெல்வேலிக்குக் கூரியரில் போடுகிறார்கள். ரசீதில் எடை ஏழு கிலோ என்று வருகிறது. தராசிலும் கோளாறு இல்லை, கூரியர்காரரும் ஏமாற்றவில்லை. அந்த ஏழு கிலோ ஒரு பெருக்கலிலும் ஒரு வகுத்தலிலும் பிறந்தது.

பெட்டியின் நீளம் 45 செ.மீ., அகலம் 30, உயரம் 25. மூன்றையும் பெருக்கினால் 33,750 கன சென்டிமீட்டர். அதை 5000-ஆல் வகுத்தால் 6.75. அரைக் கிலோ அரைக் கிலோவாகத்தான் கணக்கு என்பதால் 6.75 மேலே ஏறி 7 ஆகிறது. கூரியர் கடைகளில் இதை 'வால்யூமெட்ரிக் வெயிட்' என்பார்கள். நாம் பரும எடை என்று வைத்துக்கொள்வோம். மெய்யான எடை, பரும எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு.

ஒரு கிலோ இரும்பு கனமா, ஒரு கிலோ பஞ்சு கனமா என்று பிள்ளைகளை மடக்கக் கேட்போமே, அதைக் கூரியர்காரரிடம் கேட்டால் தயங்காமல் பஞ்சு என்பார். அவருடைய வண்டிக்கும் விமானத்தின் சரக்கறைக்கும் இரண்டு வரம்புகள் இருக்கின்றன. ஒன்று, எவ்வளவு எடை தாங்கும் என்பது. இன்னொன்று, எவ்வளவு இடம் இருக்கிறது என்பது. இரும்பு முதல் வரம்பைத் தொடும், பஞ்சு இரண்டாவதைத் தொடும். எடைக்கு மட்டும் காசு வாங்கினால், பஞ்சு ஏற்றிய விமானம் நிறைந்த வயிறும் வெறும் பையுமாகப் பறக்க வேண்டியதுதான். விமானச் சரக்கில் நெடுங்காலமாக 6000 என்ற வகு எண் வழக்கத்தில் இருக்கிறது. அதன்படி ஒரு கன மீட்டர் இடம் ஏறத்தாழ 167 கிலோவுக்குச் சமம். கூரியர்கள் பலரும் பிடித்துக்கொண்டிருக்கும் 5000-இன்படி 200 கிலோ. கப்பலில் இடத்துக்கு இத்தனை நெருக்கடி இல்லை. அங்கே ஒரு கன மீட்டருக்கு ஒரு டன் என்பது வழக்கம். அமெரிக்காவில் ஃபெடெக்ஸும் யுபிஎஸ்ஸும் தரைவழிப் பார்சல்களில் பெரிய பெட்டிகளுக்கு மட்டுமே பரும எடை பார்த்து வந்தன. 2015 தொடக்கத்திலிருந்துதான் எல்லாப் பெட்டிகளுக்கும் பார்க்க ஆரம்பித்தன. இணையக் கடைகள் சின்னப் பொருளைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது.

5000 என்ற எண்ணை வேறு விதமாகவும் படிக்கலாம். ஐயாயிரம் கன சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்றால், தண்ணீரின் அடர்த்தியில் ஐந்தில் ஒரு பங்கு. அதைவிட அடர்த்தியான பார்சல் தன் எடைக்குக் காசு கொடுக்கும். அதைவிட லேசானது தன் இடத்துக்குக் கொடுக்கும். அதே நகரின் மாட்டுங்காவிலிருந்து ஐந்து கிலோ காபிப்பொடி போகிறது. பெட்டி 30 × 25 × 20 செ.மீ., பரும எடை மூன்று கிலோ. மெய்யெடை அதைவிட அதிகம், ஆகவே ஐந்து கிலோவுக்கே கட்டணம், பேச்சு முடிந்தது. செம்பூரில் வீட்டிலேயே முறுக்கு சுற்றி விற்பவர்களுக்குத்தான் சிக்கல். முறுக்கு ஏறக்குறைய எல்லைக்கோட்டிலேயே நிற்கும் பண்டம். நெருக்கி அடுக்கினால் எடைக் கணக்கு, உடையாமலிருக்க இடம் விட்டு அடுக்கினால் இடக் கணக்கு.

மறுபடி தோல்பைக்கு வருவோம். இந்தப் பெட்டியில் உயரத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டரும் 270 கிராம். காகிதத் திணிப்பை எடுத்துவிட்டுப் பையைத் தட்டையாக மடித்து 10 செ.மீ. உயரப் பெட்டியில் வைத்தால் பரும எடை 2.7 கிலோ, கட்டணம் மூன்று கிலோவுக்கு. உயரம் 11 செ.மீ. ஆனாலும் 2.97, அதே மூன்று கிலோதான். 12 ஆனால் 3.24, கட்டணம் மூன்றரைக்குத் தாவிவிடும். கையில் ஒரு அளவுநாடாவும் இந்தக் கணக்கும் இருந்தால், பையை வெட்டும்போதே அதன் அடிப்பாகம் மடங்குமாறு தைக்கலாமா என்று யோசிக்க முடியும். கட்டணக் கணக்கு பட்டறைக்குள்ளேயே வந்துவிடுகிறது.

எடை தீர்ந்தது. அடுத்தது தூரம்.

தாராவிக்கு 400017, மாட்டுங்காவுக்கு 400019, செம்பூருக்கு 400071. இந்த ஆறு இலக்க பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. வகுத்தவர் மத்திய தகவல்தொடர்பு அமைச்சகத்தில் அதிகாரியாக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். சமஸ்கிருதக் கவிஞரும்கூட. ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழி எழுத்துகளில் முகவரிகள் என்று அஞ்சல் பிரிப்பவர்கள் திணறிய நாட்டுக்கு எந்த மொழியும் தேவைப்படாத முகவரி ஒன்றை அவர் கொடுத்தார். முதல் இலக்கம் மண்டலம், முதல் மூன்றும் சேர்ந்தால் பிரிப்பு மாவட்டம், கடைசி மூன்று பட்டுவாடா செய்யும் அஞ்சலகம்.

ஆனால் பின்கோடு தூரத்தைச் சொல்லாது. நாகர்கோவில் 629001, திருவனந்தபுரம் 695001. எண்கள் எட்டாத தொலைவில் நிற்கின்றன, ஊர்களோ பேருந்தில் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். சென்னை 600-இல் தொடங்குகிறது, எண்ணில் நாகர்கோவிலுக்குப் பக்கம், நிலத்தில் சுமார் 700 கிலோமீட்டர். ஆகவே ஒரு பின்கோட்டை இன்னொன்றிலிருந்து கழித்துக் கட்டணம் போட முடியாது. இந்தியாவில் ஏறக்குறைய 19,000 பின்கோடுகள் இருக்கின்றன. எங்கிருந்து எங்கே என்று ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு விலை எழுதிவைக்கப் புறப்பட்டால் 36 கோடி வரிகள் வேண்டும். அதையும் ஒவ்வொரு எடைக்கும் தனித்தனியாக எழுத வேண்டும்.

இந்த 36 கோடியைச் சில பத்து வரிகளாகச் சுருக்கியதுதான், என்னைக் கேட்டால், இந்தத் துறையின் உண்மையான சாதனை. ஒவ்வொரு பின்கோட்டுக்கும் எதிரே அது எந்த வகை ஊர் என்று மட்டும் எழுதிக்கொள்கிறார்கள்: எந்த மாநிலம், பெருநகரமா இல்லையா, வடகிழக்கு, காஷ்மீர் போன்ற எட்டாத பகுதியா. அனுப்பும் ஊரையும் பெறும் ஊரையும் ஒப்பிட்டால் ஐந்தாறு வகைதான் மிஞ்சும்: ஒரே நகரத்துக்குள், ஒரே வட்டாரத்துக்குள், பெருநகரத்திலிருந்து பெருநகரத்துக்கு, நாட்டின் மற்ற ஊர்களுக்கு, எட்டாத பகுதிக்கு. மும்பையிலிருந்து சென்னை போவது அதைவிடக் கிட்டத்தில் இருக்கும் ஒரு சிற்றூருக்குப் போவதைவிட மலிவாக அமைவது இதனால்தான். பெருநகரங்களுக்கு இடையில் தினமும் வண்டி நிறைந்து ஓடுகிறது. சிற்றூருக்குக் கடைசிப் பத்து கிலோமீட்டர் ஒருவர் பைக்கில் தனியாகப் போக வேண்டும்.

தூரத்தைவிடக் கையாளும் செலவே பெரிது என்பது பழைய கண்டுபிடிப்பு. இங்கிலாந்தில் ரோலண்ட் ஹில் 1837-இல் வெளியிட்ட சிறு நூலில், லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமந்து செல்ல ஆகும் செலவு ஒரு பென்னியில் முப்பத்தாறில் ஒரு பங்குதான் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் விதித்து, எழுதி, வசூலிக்கும் குமாஸ்தா வேலைதான் காசைத் தின்றது. தூரம் பாராத ஒரு பென்னி அஞ்சல் 1840-இல் வந்தது. இந்தியாவில் 1854-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்துச் சட்டம் கடிதங்களுக்கு எடைக்கேற்ற, தூரம் பாராத ஒரே கட்டணத்தைக் கொண்டுவந்தது. குமாஸ்தாவின் கணக்கு வேலை விலை மிகுந்தது என்பதால் அன்று கணக்கையே கைவிட்டார்கள். இன்று கணினி அந்த வேலையைக் கிட்டத்தட்ட இலவசமாகச் செய்வதால், கைவிட்ட கணக்கெல்லாம் திரும்பி வந்துவிட்டது.

2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஸ்பீட் போஸ்ட் ஆவணக் கட்டணத்தில் இரண்டு காலங்களும் அருகருகே இருக்கின்றன. ஐம்பது கிராம் வரை வெளியூருக்கு 47 ரூபாய், பக்கத்து மாவட்டமானாலும் அருணாசலமானாலும் அதேதான். ஹில்லின் ஆவி இன்னும் அந்த ஐம்பது கிராமில் குடியிருக்கிறது. அதற்கு மேல் போனால் தூரம் நுழைகிறது. மாட்டுங்காவிலிருந்து 400 கிராம் காகிதக் கட்டு, பத்திரமோ ஜாதகக் கட்டோ, மும்பைக்குள் 28 ரூபாய். 1001 முதல் 2000 கிலோமீட்டர் வரையுள்ள வரிசையில் வரும் திருநெல்வேலிக்கு 86. இரண்டாயிரத்தைத் தாண்டினால் 93. எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக திருநெல்வேலிக்கு 101 ரூபாய் 48 காசு.

இதே கட்டுக்கு முந்தைய அட்டவணையில் திருநெல்வேலிக்கு 80 ரூபாய், உள்ளூரில் 30. வெளியூர் ஏறியது, உள்ளூர் இறங்கியது. தொகைகள் மாறியது பெரிதல்ல, படிகளே மாறிவிட்டன. முன்பு 200 கிராமில் முடிந்த படி இப்போது 250-இல் முடிகிறது. முன்பு 201 முதல் 1000 கிலோமீட்டர் வரை ஒன்றாக இருந்த வரிசை 500-இல் இரண்டாகப் பிளந்துவிட்டது. கட்டணத்தை நிரலுக்குள்ளேயே 'இத்தனை கிராமுக்கு மேல் போனால் இத்தனை ரூபாய்' என்று எழுதி வைத்திருந்தவர் அன்று நிரலைப் பிரித்துப்போட்டுத் திருத்தியிருப்பார். அட்டவணையைத் தரவுத்தளத்தில் வைத்திருந்தவர் வரிகளை மட்டும் மாற்றிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்.

தரவுத்தளம் என்றதும் பெரிய அலுவலகச் சமாசாரம் என்று ஒதுங்க வேண்டாம். இதற்கு மூன்று அட்டவணைகள் போதும். முதலாவதில் பின்கோடு, அதன் வகை. இரண்டாவதில் எந்த வகையிலிருந்து எந்த வகைக்குப் போனால் எந்த மண்டலம். மூன்றாவதில் மண்டலம், எடையின் மேல் எல்லை, தொகை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும். தேதிக் கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். செப்டம்பரில் போன பார்சலுக்கு அக்டோபரில் தகராறு வந்தால் பழைய கட்டணத்தைத்தான் காட்ட வேண்டும். பழைய வரியை அழித்துவிட்டால் எதை வைத்துப் பேசுவது? இவற்றோடு சில்லறைச் சேர்க்கைகள்: காப்பீடு, ஜிஎஸ்டி, பொருளைக் கொடுத்துவிட்டுக் காசு வாங்கிவரும் கூலி. கடைசியாகச் சொன்னதை இணையக் கடைகளின் புதுமை என்று நினைப்பவர்கள் உண்டு. இந்திய அஞ்சல் துறை வி.பி.பி. என்ற பெயரில் அதை 1877-இலேயே தொடங்கிவிட்டது.

இப்படித் தகவலை அட்டவணைகளாகப் பிரித்து, பொதுவான ஒரு கட்டத்தை வைத்து அவற்றை இணைக்கும் யோசனையை 1970-இல் வெளியிட்டவர் ஐபிஎம்மில் வேலை பார்த்த எட்கர் காட். 19,000 வரிகளில் திருநெல்வேலியின் 627001-ஐத் தரவுத்தளம் எப்படிக் கண்ணிமைக்கும் நேரத்தில் எடுக்கிறது என்பதற்கு விடை அதே காலத்தில் போயிங் நிறுவனத்திலிருந்து வந்தது. ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் 'பி-ட்ரீ' என்ற மரத்தை வடிவமைத்தார்கள். ஒவ்வொரு கணுவிலும் சில நூறு கிளைகள். ஒரு கணுவுக்கு 300 கிளை என்றால் இரண்டே படியில் 90,000 இலைகளை எட்டலாம். முழு இந்தியாவின் பின்கோடுகளும் அந்த இரண்டு படிக்குள் அடங்கிவிடும்.

இன்னொரு நுணுக்கம். ரூபாயைத் தசமத்தில் வைக்காமல் காசாக முழு எண்ணில் வைக்க வேண்டும், கிலோவைக் கிராமாக வைக்க வேண்டும். கணினி இரண்டடிமான எண்களில் எண்ணுவது; நமக்குச் சாதாரணமான 0.1 அதற்கு முடிவில்லாமல் நீளும் எண். கணினியின் சாதாரணத் தசமக் கணக்கில் 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் 0.30000000000000004 வரும். அந்த ஒரு துளி வால், சரியாக 3 கிலோ இருக்க வேண்டிய பார்சலை 3-க்கு மேல் என்று காட்டிவிட்டால், மேலே தள்ளும் விதி அதை மூன்றரைக் கிலோவாக்கிவிடும். 3000 கிராம் என்று எழுதினால் வால் முளைக்க வழியில்லை.

இதற்கெல்லாம் ஆகும் மென்பொருள் செலவு பூஜ்யம். எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தை ரிச்சர்ட் ஹிப் 2000-இல் வெளியிட்டார். உரிமை எதுவும் கோராமல் பொதுச் சொத்தாக விட்டுவிட்டார். நீங்கள் ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்தால் அது ஏற்கனவே உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. பெரிய கடைக்கு போஸ்ட்கிரெஸ்க்யூஎல், மரியாடிபி. தரவுத்தளமே வேண்டாம் என்பவருக்கு லிப்ரேஆஃபிஸின் கால்க் விரிதாள். மூன்று அட்டவணைகளை மூன்று தாள்களில் போட்டு, 'விலுக்கப்' சூத்திரத்தால் இணைத்தால் வேலை நடந்துவிடும். இணையக் கடை நடத்துபவர்கள் பயன்படுத்தும் வூகாமர்ஸும் கட்டற்ற மென்பொருள்தான். அதில் 400* என்று எழுதினால் மும்பைப் பின்கோடுகள் அத்தனையும் ஒரே மண்டலத்தில் விழும்.

மும்பையிலேயே பிறந்ததும் ஒன்று உண்டு. 2008-இல் ரூஷப் மேத்தா தொடங்கிய ஃப்ராப்பே நிறுவனத்தின் ஈஆர்பிநெக்ஸ்ட், கணக்கு, சரக்கு, விற்பனை எல்லாவற்றையும் பார்க்கும் மென்பொருள். ஜிபிஎல் உரிமத்தில் வருவதால் யாரும் தரவிறக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். அதில் 'ஷிப்பிங் ரூல்' என்று ஒரு பகுதி இருக்கிறது. நிலையான தொகை, பில்லின் நிகரத் தொகை, நிகர எடை ஆகிய மூன்றில் ஒன்றை அடிப்படையாகத் தேர்ந்தெடுத்து, 'இதிலிருந்து இதுவரை இவ்வளவு' என்று வரி வரியாகக் கட்டணத்தை நிரப்ப வேண்டும். தாராவித் தோல்பைக்கு இது அப்படியே போதாது, ஏனென்றால் நமக்கு வேண்டியது பரும எடை. ஆனால் நிரல் திறந்திருக்கிறது. நீளம், அகலம், உயரம் என்று மூன்று கட்டங்களைச் சேர்த்து, வகுத்து, பெரியதை எடுக்கும் சில வரிகளை எழுதத் தெரிந்த கல்லூரிப் பையன் ஒருவன் கிடைத்தால் வேலை ஒரு மாலைக்குள் முடியும். கட்டற்ற மென்பொருளில் காசு மிச்சம் என்பதை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன். ஏழு கிலோ எங்கிருந்து வந்தது என்று திறந்து பார்க்க முடிகிறது, அதுதான் முதலாவது. மூடிய செயலி 'உங்கள் கட்டணம் இவ்வளவு' என்று மட்டும் சொல்லும். 5000-ஆல் வகுத்ததா 4500-ஆல் வகுத்ததா என்று அதனிடம் கேட்க முடியாது.

மென்பொருள் இலவசம், ஆனால் அட்டவணை? அங்கேதான் இடிக்கிறது. பின்கோடு பட்டியலை அரசின் திறந்த தரவுத் தளம் இலவசமாகத் தருகிறது; 2012-இல் வந்த தரவுப் பகிர்வுக் கொள்கையின் பயன் அது. அஞ்சல் துறையின் கட்டணமும் ஊரறிந்தது. தனியார் கூரியர் கட்டணம் அப்படியல்ல. மாதம் எத்தனை பார்சல் போடுகிறீர்கள் என்பதைப் பார்த்து ஆளுக்கொரு விலை. பெரிய இணையக் கடைக்குக் கிடைக்கும் விலை 90 அடி சாலைக் கடைக்காரருக்குக் கிடைக்காது. அது என்ன விலை என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆகவே அவருடைய மூன்றாவது அட்டவணையை அவரே நிரப்ப வேண்டும், தன் ரசீதுகளிலிருந்து. இது அலுப்பான வேலைதான். ஆனால் ஆறு மாத ரசீதுகளை உள்ளிட்டுவிட்டால், எந்த ஊருக்கு எந்தக் கூரியர் மலிவு, எங்கே அஞ்சலகமே மேல் என்பதை ஒரே கேள்வியில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கூரியர் முகவரிடம் விலை பேசும்போது அந்தப் பதில் கையில் இருப்பது சும்மா இல்லை.

பார்சல் தாராவிக்குள் வரும்போது இன்னொரு கணக்கு இருக்கிறது. சுமார் இரண்டரை சதுர கிலோமீட்டருக்குள் பல லட்சம் பேர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடத் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் வாரிசுகள், சௌராஷ்டிரத்திலிருந்து வந்த கும்பார்வாடாக் குயவர்கள் என்று எல்லாருக்கும் 400017 ஒன்றே. ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய சந்துகளில் வாசல் எண்ணைத் தேடி அலைவதும் கையாளும் செலவில்தான் சேரும். 2025 மே மாதம் அஞ்சல் துறை, ஐஐடி ஹைதராபாத்தோடும் தேசியத் தொலையுணர்வு மையத்தோடும் சேர்ந்து 'டிஜிபின்' என்ற பத்து எழுத்துக் குறியீட்டை வெளியிட்டது. நாட்டின் மீது 36 பாகை அகல நீளம் கொண்ட ஒரு சதுரத்தை விரித்து, அதைப் பதினாறாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மறுபடி பதினாறாகப் பிரித்து, இப்படிப் பத்து முறை. பத்தாவது முறையில் ஒரு கட்டம் ஏறத்தாழ நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர். சந்துக்குள் இருக்கும் ஒரு வீட்டு வாசலைக் காட்ட அது போதும். மாடிக்கு மாடி கட்டிய இடத்தில் எந்த மாடி என்று அது சொல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதன் நிரலையும் அஞ்சல் துறை திறந்தே வெளியிட்டிருக்கிறது.

பை தைப்பவர்களுக்கும் முறுக்கு விற்பவர்களுக்கும் சொல்ல நினைப்பது இதுதான்: மென்பொருளைப் பிறகு பார்க்கலாம், முதலில் உங்கள் பெட்டிகளை அளந்து எழுதிவையுங்கள். தரவுத்தளம் கற்க ஆங்கிலமும் வேண்டியதில்லை. து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்' மின்னூலைக் கணியம் இணையதளம் இலவசமாகத் தருகிறது. அதில் படிப்பது பெரும்பாலும் அப்படியே மரியாடிபிக்கும் பொருந்தும்.